முன் ஆக்சிலில் ஆயில் சொட்டுகிறதா? சீல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் டிராக்டரை எடுக்கும்போது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் எண்ணெய்த் திட்டு தெரிந்தால், அநேகமாக எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டு ‘முன் ஹப்புக்கு ஆயில் சீல் இருக்கா’ என்று கேட்பார்கள். (ஹப் என்பது சக்கரம் மாட்டும் நடுப்பகுதி; ஆயில் சீல் என்பது சுற்றும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்.) சீல் வரும், மெக்கானிக் மாட்டுவார், இரண்டு மாதம் ஓடும், மறுபடி அதே இடத்தில் அதே திட்டு. அப்புறம் ‘டூப்ளிகேட் சீல் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரர் மேல் பழி போகும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஆயில் சீல் வயசாகித் தானாகக் கெடுவதைவிட, வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுப்பதுதான் அதிகம். அதைக் கண்டுபிடிக்காமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலுக்கும் பழைய கதிதான்.

டிராக்டர் ஓட்டத் தெரியும், ஆக்சிலைப் பிரித்துப் பார்த்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனரைத் தொடாமலே முக்கால்வாசி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆக்சில்?

டூ வீல் டிரைவ் வண்டி என்றால் விஷயம் சுலபம். அதில் முன் ஆக்சில் வெறும் இரும்பு பீம். உள்ளே பல்சக்கரமும் கிடையாது, ஆயிலும் கிடையாது. ஹப்பில் இரண்டு டேப்பர் பேரிங், அதில் கிரீஸ். ஹப் ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் பிதுங்கி நிற்பதை லீக் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னில் கிரீஸ் கன் அடிக்கும்போது பழைய கிரீஸ் சேற்றோடு வெளியே வரத்தான் வேண்டும். அதுதான் வேலை நடந்ததற்கு அடையாளம். அந்த வண்டியில் நிஜமான ஆயில் சொட்டினால் அது பவர் ஸ்டீயரிங் சிலிண்டரிலிருந்தோ அதன் ஹோஸிலிருந்தோ வருவதாக இருக்கும்; இல்லையென்றால் மேலே இன்ஜினிலிருந்து வழிந்து வருவதாக இருக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில்தான் கதை பெரிது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்னே வந்து, ஆக்சிலின் நடுவில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற, திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக இரண்டு பக்கமும் ஷாஃப்ட்கள் சக்கரத்துக்குப் போகின்றன. சக்கரம் சுற்றவும் வேண்டும், ஸ்டீயரிங் திருப்பினால் திரும்பவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சமாளிப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள்.

ஒன்று பெவல் கியர், அதாவது சுழற்சியைத் திசை திருப்பும் கூம்பு வடிவப் பல்சக்கரம், வைத்த வகை. சிறிய ஜப்பானிய டிராக்டர்களில் இதை நிறையப் பார்க்கலாம். ஆக்சிலின் முனையில் ஒரு ஜோடி பெவல் கியர் சுழற்சியைக் கீழே இறக்குகிறது, கீழே இன்னொரு ஜோடி சக்கரத்துக்குத் தருகிறது. எல்லாம் மூடிய பெட்டிக்குள். பெரும்பாலும் நடுவிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரே ஆயில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, வைத்த வகை. 45, 50 ஹெச்.பி.க்கு மேலுள்ள வண்டிகளில் பொதுவாக இது வரும். ஆக்சில் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஜாயின்ட் வெளியே தெரியும். நின்று எட்டிப் பார்த்தாலே கண்ணில் படும். சக்கரத்துக்குள் பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சின்னப் பல்சக்கரங்கள் சூழ்ந்திருக்கும் அமைப்பு) இருக்கும். இதில் நடு ஆக்சிலுக்கு ஒரு ஆயில், இடது ஹப்புக்குத் தனி ஆயில், வலது ஹப்புக்குத் தனி ஆயில் என்று மூன்று இடமாகப் பிரிந்திருக்கும். லீக்கைத் தேடும்போது இந்தப் பிரிவினை பெரிய உதவி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சொட்டுவது என்ன?

ஆக்சிலுக்கு அடியில் சொட்டுவதெல்லாம் ஆக்சில் ஆயில் இல்லை. ஆக்சில் தாழ்வான இடத்தில் இருக்கிறது; மேலே எது ஒழுகினாலும் கடைசியில் அங்கே வந்துதான் தங்கும். ரேடியேட்டர் தண்ணீர், டீசல், இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் எல்லாமே ஆக்சில் மேல் வழிந்து அதன் அடியில் சொட்டும்.

ஒரு வெள்ளை அட்டையை ராத்திரி அடியில் வைத்துவிடுங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் மாதிரி நீர்த்து இருந்தால் கூலன்ட். வாசனையிலேயே டீசல் தெரிந்துவிடும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், மூக்குக்கு அருகே கொண்டுபோனால் கந்தக நாற்றம் ஒன்று அடிக்கும்; ஒரு தடவை முகர்ந்தவருக்கு மறக்காது. ஹைட்ராலிக் ஆயில் தேன் நிறத்தில், இதைவிட மெல்லியதாக, அந்த நாற்றம் இல்லாமல் இருக்கும். ஒரு சிக்கல் என்னவென்றால், சில கம்பெனிகள் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் முன் ஆக்சிலுக்கும் யுடிடிஓ என்ற ஒரே ஆயிலை ஊற்றச் சொல்கின்றன. அப்போது நிறமும் வாசனையும் கைகொடுக்காது.

அதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது: லெவல் பார்ப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, லெவல் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் பிளக் ஓட்டை விளிம்பு வரை இருக்கிறதா? பல நாளாகச் சொட்டியும் லெவல் இறங்கவில்லை என்றால் ஒழுகுவது ஆக்சில் இல்லை. ஸ்டீயரிங் டேங்கில் பாருங்கள், அங்கே குறைந்திருக்கும். பிளானட்டரி ஹப்பில் லெவல் பார்ப்பதற்கு, ஹப்பின் மேல் உள்ள கோடு படுக்கை வாட்டத்துக்கு வரும்வரை சக்கரத்தை உருட்டி நிறுத்த வேண்டும். கோடு இல்லையென்றால் பிளக், கடிகாரத்தில் 9 மணியோ 3 மணியோ காட்டும் இடத்தில் நிற்க வேண்டும். அதே பிளக்கை 6 மணி இடத்துக்குக் கொண்டுவந்தால் அதுவே ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்.

லெவல் கூடியிருந்தால்? அதுவும் நடக்கும், அது இன்னும் மோசம். பிளக்கைத் திறந்ததும் ஆயில் வழிந்து ஓடினால் யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள், அல்லது உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வந்த ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர்தான், சந்தேகமே வேண்டாம்.

கழுவு, துடை, மாவு தூவு

சேறும் பழைய கிரீஸும் அப்பிக் கிடக்கும் ஆக்சிலைப் பார்த்து லீக் எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ தூவுங்கள். அரை மணி நேரம் ஓட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில தடவை திருப்பி, நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் முனை எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஆயில் கீழ் நோக்கி வழியும், வண்டி ஓடும்போது பின்னோக்கியும் போகும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பவர் ஸ்டீயரிங் ஹோஸிலோ சிலிண்டரிலோ லீக் என்று சந்தேகம் வந்தால், இன்ஜின் ஓடும்போது கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. கார் டயரில் இருப்பது 2 பார் அழுத்தம் என்றால், ஸ்டீயரிங் லைனில் 100 பார் வரை சாதாரணமாகப் போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது; ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், அதில் ஈரம் படட்டும்.

எங்கே ஈரம் இருந்தால் என்ன பொருள்?

சக்கர டிஸ்க்கின் உட்பக்கம் ஹப்பிலிருந்து ரிம் நோக்கிக் கதிர் கதிராக எண்ணெய்க் கோடுகள் போயிருந்தால், சக்கரம் சுற்றும்போது ஆயில் வீசியடித்திருக்கிறது. ஹப் சீல் அல்லது சக்கர ஷாஃப்ட் சீல். டயரின் உள் பக்கச் சுவரும் நனைந்திருக்கும்.

ஹப்பின் வெளிப்பக்கம், மூடியைச் சுற்றி ஈரம் என்றால் அது சின்ன வேலை. மூடியின் ஓ-ரிங்கோ பிளக்கின் வாஷரோ போயிருக்கும்.

யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும் இடைவெளியில் ஈரம் என்றால் இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். அந்த இடைவெளியின் ஒரு பக்கம் ஆக்சில் முனையில் ஒரு சீல், எதிர்ப்பக்கம் ஹப்பை நோக்கி இன்னொரு சீல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஜாயின்ட் சுற்றும்போது ஆயிலை எல்லாப் பக்கமும் தெளித்துவிடும். எது ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயில் தனித்தனி என்று மேலே சொன்னேனே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நடு ஆக்சிலில் லெவல் குறைந்து ஹப்பில் சரியாக இருந்தால் ஆக்சில் முனை சீல். மாறி இருந்தால் ஹப் பக்கத்துச் சீல். இரண்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் வேலை.

பெவல் வகை ஆக்சிலில், ஸ்டீயரிங் திருப்பும்போது மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று திரும்பும் பொருத்து ஒன்று இருக்கும். அங்கே உள்ள பெரிய சீல் போனால் கீழ்ப் பெட்டி முழுக்க நனைந்து, அதன் அடியில் சொட்டும். இதை ஹப் லீக் என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றியவர்கள் உண்டு.

ஆக்சிலின் நடுவில், பின்பக்கம் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஈரம் என்றால் பினியன் சீல். சில வண்டிகளில் அந்த ஷாஃப்ட்டுக்கு மேல் குழாய் மாதிரி ஒரு கவர் இருக்கும். கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல் போனாலும் ஆயில் அந்தக் கவருக்குள்ளேயே முன்னே வந்து ஆக்சில் பக்கம் சொட்டலாம். இங்கேயும் லெவல்தான் தீர்ப்புச் சொல்லும்.

ஸ்டீயரிங் சிலிண்டரை நேராகப் பார்த்தே சொல்லிவிடலாம். ராடைத் துடைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். ராடின் மேல் மெல்லிய பளபளப்பு இருப்பது சரி. வளையமாக ஆயில் சேர்ந்து சொட்டினால், ராட் வெளிவரும் வாயில் உள்ள கிளாண்ட் சீல் போய்விட்டது. ராடில் துருப் புள்ளியோ கீறலோ இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் அது அறுத்துவிடும்.

சீலை யார் கெடுத்தது?

பிரீதரிலிருந்து தொடங்குகிறேன். ஆக்சிலின் மேல் பக்கத்தில் சின்னத் தொப்பி போட்ட ஒரு உருப்படி இருக்கும். சில வண்டிகளில் ஒரு டியூப் போட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். உள்ளே உள்ள காற்று வெளியே போய்வர அதுதான் வழி. நெல் வயலில் சேறடித்த வண்டியில் இந்தத் தொப்பி சேறு காய்ந்து அடைத்துப்போவது சர்வ சாதாரணம்.

அடைத்தால் என்ன ஆகும்? ஆக்சில் காலையில் 30 டிகிரியில் இருக்கிறது, வேலை செய்து 80 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குள் உள்ள காற்றின் அழுத்தம் அந்தச் சூட்டினால் மட்டுமே ஆறில் ஒரு பங்கு கூடும். கூடவே ஆயிலும் விரிந்து காற்றுக்கு இருக்கும் இடத்தைக் குறைக்கும். ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தால் காற்றுக்கு இடமே கொஞ்சம்தான், அழுத்தம் இன்னும் ஏறும். ஆயில் சீல் என்பது சுற்றும் ஷாஃப்ட்டின் மேல் ரப்பர் உதடு லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு. அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்ததே இல்லை. எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே ஆயில் வெளியேறும். புதுச் சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் அதையும் தள்ளிக்கொண்டு வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சூடான ஆக்சிலோடு வண்டியை வாய்க்காலில் இறக்கிக் கழுவினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீல் உதட்டின் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். பால் டீ நிற ஆயில் வருவது பாதி இப்படித்தான். வேலை முடிந்ததும் உடனே கழுவாமல் ஆறவிட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் கன்னைச் சீலுக்கும் பிரீதருக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, வண்டி வேலை செய்து சூடாக இருக்கும்போது மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று காற்று வந்தால் அடைப்புதான். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். ஆயிலைச் சரியான லெவலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். லேசான லீக்குகள் இதிலேயே நின்றுவிடுவதுண்டு; ஒரு பைசா செலவில்லை.

அடுத்து, சுற்றிக்கொள்ளும் சாமான்கள். வைக்கோல் கட்டும் மெஷின் ஓடிய வயலில் கிடக்கும் நைலான் கயிறு, உரச்சாக்கு இழை, பழைய வலை. இவை ஹப்புக்கும், அதைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் நக்கிளுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்து சுற்றும். சுற்றச் சுற்ற இறுகி, சூட்டில் உருகி, கறுப்பு வளையமாகிவிடும். பார்க்க ரப்பர் மாதிரியே இருக்கும். கத்தி முனையால் நெம்பினால்தான் நூல் நூலாகப் பிரியும். அது சீலின் வெளி உதட்டைத் தின்றுவிட்டு உள் உதட்டுக்குப் போகும். சக்கரத்தைக் கழற்றினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சந்து.

மூன்றாவது, பேரிங் ஆட்டம். முன் பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கிங் பின் தேய்ந்திருக்கிறது. எது என்று தெரிய, நீங்கள் ஆட்டும்போது இன்னொருவர் ஹப்பையும் நக்கிளையும் கவனிக்கட்டும். ஹப் மட்டும் ஆடினால் பேரிங். நக்கிளும் சேர்ந்து ஆடினால் கிங் பின். ஷாஃப்ட்டே மையம் விலகிச் சுற்றும்போது சீலின் உதடு அதைத் துரத்திக்கொண்டு போக முடியாது. பேரிங்கைச் சரிசெய்யாமல் சீல் மாற்றுவது வீண் செலவு.

நாலாவது, ஷாஃப்ட்டில் விழுந்த பள்ளம். சீல் உதடு வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்த்து, நடுவில் மணலும் சேர்ந்துகொண்டால், இரும்பிலேயே வளையமாக ஒரு கோடு விழும். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுச் சீல் நிற்காது. சீலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைத்து உதட்டைப் புது இடத்தில் தொட வைக்கலாம், இடம் இருந்தால். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கும், பள்ளத்தின் மேல் போர்த்திவிடலாம். அதுவும் முடியாவிட்டால் லேத் பட்டறை.

ஃபோர் வீல் டிரைவைப் போட்டபடியே தார் ரோட்டில் டிரெய்லர் இழுப்பதும் ஆக்சிலைத் தேவையில்லாமல் சூடாக்கும். கம்பெனி சொன்ன அளவில் இல்லாத டயரை முன்னால் மட்டும் மாற்றினாலும் இதே கதை.

இப்போதே செய்ய வேண்டுமா, அறுவடை முடியட்டுமா?

இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1440 சொட்டு, அதாவது 70 மில்லிக்குக் கொஞ்சம் மேல். மாதம் 2 லிட்டர். முன் ஆக்சிலில் பொதுவாக நான்கிலிருந்து எட்டு லிட்டர் வரைதான் இருக்கும். பிளானட்டரி ஹப்பில் ஒரு லிட்டர்கூட இருக்காது. ஹப் சீலில் நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்பது இரண்டு வாரத்தில் ஹப் காலி என்று அர்த்தம்.

வெறும் கசிவு, தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறது, சொட்டவில்லை என்றால் வாரம் ஒருமுறை லெவல் பார்த்துக்கொண்டு சீசன் முடியும்வரை ஓட்டலாம், தப்பில்லை. சொட்டினால் தினமும் லெவல் பார்க்க வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பேரிங்கில் துரு விழுந்த பிறகு செலவு வேறு கணக்கு.

லீக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதைப் பற்றி என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். அது ரப்பரை ஊத வைக்கிறது. கொஞ்ச நாள் நிற்கும், பிறகு நல்ல சீலும் சேர்ந்து இளகிப்போகும். ஹப்பில் ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைப்பதும் அப்படித்தான். கியர் ஒரு தடவை கிரீஸைத் தள்ளிவிட்டால் அது திரும்பி வராது, பல் காய்ந்தே ஓடும்.

வேலையைத் தொடங்கினால்

முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் இரண்டு பக்கமும் ஆடுவதற்காக. அதனால் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினால் வண்டி மறுபக்கம் சாயலாம். ஆக்சிலுக்கும் மேலே உள்ள ஃபிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிறகு தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கை போகக் கூடாது. லோடர் இருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். இன்ஜின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

புதிதாகச் செய்பவர் தைரியமாகத் தொடக்கூடியவை: பிரீதர், பிளக் வாஷர், ஹப் மூடி ஓ-ரிங், ஆயில் மாற்றுவது, ஸ்டீயரிங் ஹோஸ். பெவல் வகையில் வெளிப்பக்கச் சக்கர ஷாஃப்ட் சீலைக் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் மாற்றலாம். பிளானட்டரி ஹப்பைக் கழற்றுவது, பினியன் சீல், பெவல் பெட்டியைப் பிரிப்பது ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். திரும்ப மாட்டும்போது பேரிங்குக்கு இத்தனை இறுக்கம் என்று அளவு உண்டு. பினியன் நட்டை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினாலே கிரவுன் பினியன் ஆயுசு குறைந்துவிடும்.

சீல் மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். பழைய சீலின் முகத்தில் 45 65 10 என்கிற மாதிரி மூன்று எண் இருக்கும்: ஷாஃப்ட்டின் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அதையும் வண்டி மாடலையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. சேற்றில் ஓடும் ஹப்புக்கு இரண்டு மூன்று உதடு வைத்த, உள்ளேயே ஸ்லீவோடு வரும் கேசட் சீல் என்று ஒன்று உண்டு. அதற்குப் பதிலாக ஒற்றை உதட்டுச் சாதா சீலை அதே அளவில் கொடுத்தால் ஒரு சேறடிப்புக்குக்கூடத் தாங்காது.

பழையதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரைப் போட்டு நெம்பினால் சீல் உட்காரும் சுவரில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகவே நாளைக்கு ஒழுகும். சீலின் தகட்டில் சின்ன ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூவை ஏற்றி, அதைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுங்கள். உட்காரும் இடத்தையும் ஷாஃப்ட்டையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஷாஃப்ட்டில் பல் வெட்டிய முனை இருந்தால் அதன் மேல் டேப் சுற்றுங்கள், உதடு கிழியாமல் இருக்க. சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். காய்ந்த சீல் முதல் சில சுற்றிலேயே கருகிவிடும். சீலின் வெளி விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ வைத்து, சுற்றிலும் சமமாக, மெதுவாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் தட்டித் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அதை எடுத்துவிட்டு வேறு சீல் போடுங்கள்.

கேஸ்கட் இல்லாத முகங்களில் பூச, நம் பட்டறைகளில் எல்லாரும் அனபாண்ட் என்றே சொல்லும் சிலிக்கான் பசையை மெல்லிய கோடாகப் போட்டால் போதும். தாராளமாகப் பூசினால் பாதி உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாகி ஆயிலில் மிதக்கும். பூசிய பிறகு காய நேரம் கொடுங்கள். அரை மணியில் ஆயில் ஊற்றிவிட்டு ‘பசை நிக்கல’ என்பதில் நியாயமில்லை.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதை வண்டியோடு வந்த புத்தகம்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வயல்காரர் இல்லை. பல வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், சிலவற்றுக்கு யுடிடிஓ. கியர் ஆயிலிலும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரப் பிரிவு உண்டு. டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழைய ஆயில் பால் டீ நிறத்தில் வந்திருந்தால் ஒரு தடவை மாற்றியது போதாது. புது ஆயில் ஊற்றி, ஓரிரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வழக்கமானதுதான். விரலில் குத்தும் அளவுக்குத் துண்டு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. சீல் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஊற்றும்போது பெவல் வகையில் அவசரப்படக் கூடாது. நடுவிலிருந்து முனைப் பெட்டிகளுக்கு ஆயில் மெதுவாகத்தான் போகும். லெவல் வந்துவிட்டது என்று மூடினால் பத்து நிமிஷம் கழித்து இறங்கியிருக்கும். காத்திருந்து, பார்த்து, குறைந்ததை ஊற்றி, மறுபடி பாருங்கள். ஓட்டத் தொடங்கிப் பத்து மணி நேர வேலைக்குப் பிறகு லெவலையும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் இன்னொரு முறை சரிபாருங்கள். வடித்த ஆயிலை வாய்க்கால் ஓரத்தில் கொட்டாமல் கேனில் பிடித்து வையுங்கள். பழைய ஆயில் வாங்க ஆள் வருவார்கள்.